பரிசுத் தொகை வந்தது, தேற்றம் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய பரிசுகளை வென்ற கணிதவியலாளர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த தொடரை ஒரு வாரம்கூட விடாமல் படித்தேன். கணிதத்துக்கு ஒரு தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்கியதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடர் முடிந்ததும், அதிலிருந்து எனக்கு என்னவெல்லாம் தெரிய வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கணிதத்தின் மிகப் பெரிய விருதுகள் ஏபெல் பரிசும் ஃபீல்ட்ஸ் பதக்கமும். ஏபெல் பரிசுத் தொகை 75 லட்சம் நார்வே குரோனர். ஃபீல்ட்ஸ் பதக்கத்தோடு கிடைப்பது 15,000 கனடா டாலர். ரஷ்யக் கணிதவியலாளர் பெரெல்மான் பத்து லட்சம் டாலரை வேண்டாம் என்று சொன்னார். யார் எந்த வயதில் கல்லூரிக்குள் நுழைந்தார், யாருக்கு எத்தனை வயதில் பதக்கம், எல்லாம் வந்தது. அவர்கள் எதை நிரூபித்தார்கள் என்பது மட்டும் வரவில்லை. ‘மிகச் சிக்கலான ஒரு கணிதப் புதிரை விடுவித்தார்’ என்ற ஒரே வரியோடு அது முடிந்துபோனது. ஒரு பாடகரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அவர் என்ன பாடினார் என்பதைச் சொல்லாமல் விடுவது போல இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தொடரை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியவள் அவள்தான். பத்து வயதில் இது, பதினோரு வயதில் அது என்று படித்துக்கொண்டே வந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இவங்க எல்லாம் பிறக்கும்போதே இப்படி, அத்தை. எனக்குக் கணக்கு மெதுவாத்தான் வரும். நமக்கு இது சரிப்படாது” என்றாள். கட்டுரை எழுதியவர் அப்படிச் சொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆனால் வேலையை விட்டுவிட்டு வயதையும் தொகையையும் மட்டும் சொன்னால், படிக்கிற பிள்ளை வேறு எந்த முடிவுக்கு வர முடியும்?

நான் எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கணிதத்தை விட்டுவிடவில்லை, இரவில் படிக்கிறேன். இந்த வேலைகள் எல்லாம் சாதாரண வாசகருக்குப் புரியாது என்று உங்கள் ஆசிரியர் குழு நினைத்திருந்தால், அது அப்படியில்லை என்று காட்டத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஜூன் ஹூ. 2022-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். கலிஃபோர்னியாவில் பிறந்து கொரியாவில் வளர்ந்தவர். கவிதை எழுதப் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தினார் என்று போட்டிருந்தீர்கள். அது உண்மைதான். அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது இயற்பியலும் வானியலும். அதை முடிக்கவே ஆறு வருடம் எடுத்துக்கொண்டார். அறிவியல் பத்திரிகையாளராகும் எண்ணம் இருந்தது. 1970-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஹிரோனாகா அங்கே வகுப்பெடுக்க வந்தபோது, பேட்டி எடுக்கலாமே என்றுதான் இவர் போய் உட்கார்ந்தார். நிறையப் பேர் சேர்ந்த அந்த வகுப்பில் கடைசியில் மிஞ்சியவர்கள் ஒரு சிலர். அவர்களில் இவர் ஒருவர். பிறகு அமெரிக்காவில் ஒரு டஜன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றே ஒன்று மட்டும் இடம் கொடுத்தது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன புதிதில் அவர் தீர்த்த கணக்கு என்ன தெரியுமா? ஒரு தாளும் பேனாவும் போதும். மூன்று புள்ளி வையுங்கள், மூன்றையும் கோடு போட்டு இணையுங்கள், முக்கோணம். புள்ளிகளுக்கு நிறம் கொடுக்க வேண்டும். கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது. கையில் இருக்கும் நிறங்களின் எண்ணிக்கை ‘ந’ என்று வைத்துக்கொள்வோம். முதல் புள்ளிக்கு ந வழிகள். இரண்டாவதுக்கு ந − 1. மூன்றாவது புள்ளி இரண்டோடும் இணைந்திருப்பதால் ந − 2. மூன்றையும் பெருக்கினால் ந³ − 3ந² + 2ந. கூட்டல் கழித்தல் குறிகளை விட்டுவிட்டுக் கெழுக்களை மட்டும் எழுதுங்கள்: 1, 3, 2. ஏறி, இறங்குகிறது.

இப்போது நான்கு புள்ளி வைத்துச் சதுரமாக இணைத்தால் ந⁴ − 4ந³ + 6ந² − 3ந. கெழுக்கள் 1, 4, 6, 3. மறுபடியும் ஏறி, இறங்குகிறது. எத்தனை புள்ளி வைத்தாலும், எப்படிக் கோடு போட்டாலும், இது ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கும், இறங்கிய பிறகு மறுபடி ஏறவே ஏறாது என்பது ரீட் என்ற கணிதவியலாளர் 1968-ல் சொன்ன ஊகம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற இந்த விஷயத்தை நாற்பது வருடமாக யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஹிரோனாகாவின் வகுப்பில் ஹூ கற்றுக்கொண்டது வடிவங்களின் கூர்முனைகளையும் மடிப்புகளையும் ஆராய்கிற வடிவியல். புள்ளிக்கு நிறம் கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஹூ அந்தக் கருவியைக் கொண்டுவந்து இங்கே வைத்து நிரூபித்தார். பிறகு அடிப்ரசிட்டோ, காட்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து இதைவிடப் பொதுவான அமைப்புகளுக்கும் அதே முடிவைக் கொண்டுபோனார்.

இதை என் அண்ணன் மகளுக்குச் சொன்னேன். அவளே சதுரத்துக்குள் ஒரு மூலைவிட்டம் போட்டாள். பெருக்கி விரித்து எழுத அவளுக்கு நேரம் ஆனது, நடுவில் ஒரு குறியைத் தவறவிட்டு மறுபடி போட்டாள். வந்தது 1, 5, 8, 4. இன்னொரு மூலைவிட்டமும் போட்டாள். 1, 6, 11, 6. “இது எல்லாத்துக்கும் வருமா அத்தை?” என்று கேட்டாள் பாருங்கள், ரீட் கேட்டதும் அதைத்தானே. உங்கள் கட்டுரையில் இந்த முக்கோணத்துக்கு ஒரு சிறு கட்டம் ஒதுக்கியிருந்தால் எத்தனை வீடுகளில் அந்தக் கேள்வி வந்திருக்கும்!

அடுத்து வரதன். ஏபெல் பரிசு 2007. தொடரில் அவரைப் பற்றி வந்ததில் பாதி, அவர் நம்மவர் என்பது. சென்னையில் 1940-ல் பிறந்தார், மாநிலக் கல்லூரியில் படித்தார், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம், 1963 முதல் நியூயார்க்கில் கூரான்ட் நிறுவனம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அவர் செய்த வேலை நான் தினமும் உட்காரும் மேசையோடு சம்பந்தப்பட்டது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு நாணயத்தை 100 தடவை சுண்டினால், 60 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கொஞ்சம் குறைவு. அபூர்வம்தான், ஆனாலும் நடக்கும். அதே விகிதத்தில் 1,000 தடவை சுண்டி 600 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு? பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று பலரும் நினைப்பார்கள். அப்படியில்லை. ஏறக்குறைய 700 கோடியில் ஒன்று. சுண்டும் எண்ணிக்கை கூடக்கூட, சராசரியிலிருந்து விலகும் வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் சரிகிறது. எவ்வளவு வேகம் என்பதைத் துல்லியமாகக் கணக்கிடுவதுதான் பெரு விலகல் கோட்பாடு.

இது காப்பீட்டில் பிறந்த கேள்வி. ஒரு வருடத்தில் வரும் கிளெய்ம்கள் எல்லாம் சேர்ந்து எதிர்பார்த்ததைவிட ரொம்ப அதிகமாகிவிட்டால் நிறுவனத்தின் இருப்பு தாங்குமா? ஸ்வீடனில் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வேலை பார்த்துக்கொண்டே கணிதப் பேராசிரியராகவும் இருந்த ஹரால்ட் கிராமேர் 1938-ல் இதற்கு முதல் திடமான விடையைக் கொடுத்தார். வரதன் 1966-ல் அதை நாணயம், கிளெய்ம் என்ற எல்லையைத் தாண்டி ஒரு பொதுக் கோட்பாடாக ஆக்கினார். பிறகு டான்ஸ்கர் என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து வருடக்கணக்கில் அதை வளர்த்தார். அதில் என்னை மிகவும் பிடித்துக்கொண்ட ஒரு கருத்து உண்டு: அபூர்வமான ஒன்று நடந்தே தீர்ந்தது என்றால், அது நடக்கக்கூடிய வழிகளிலேயே அபூர்வம் குறைந்த வழியில்தான் நடந்திருக்கும். அந்த ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டால் முழு நிகழ்தகவும் ஏறக்குறைய கையில் வந்துவிடும். எல்லா வழிகளையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் இதைப் படித்தேன். பிரீமியம் அட்டவணையில் ஒரு எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு யோசனை இருக்கிறது என்பது தெரிந்ததும், அன்று முழுக்க வேறு எதிலும் மனம் போகவில்லை. வங்கியில், தொலைத்தொடர்பில், காப்பீட்டில் வேலை பார்க்கும் வாசகர்கள் உங்களுக்கு நிறையவே இருப்பார்கள். அவர்களிடம் வரதனைச் ‘சென்னையில் பிறந்தவர்’ என்று சொல்லி நிறுத்திவிட்டால், அவர் யார் என்று சொன்னதாக ஆகாது.

மரியம் மிர்சாகானியைப் பற்றி வந்த கட்டுரை மனதைத் தொட்டது. 1977-ல் டெஹ்ரானில் பிறந்தார், 2014-ல் சியோலில் நடந்த சர்வதேசக் கணிதவியலாளர் மாநாட்டில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண், 2017 ஜூலையில் மார்பகப் புற்றுநோயால் நாற்பது வயதில் மறைவு. பள்ளி நாட்களில் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் இரண்டு தங்கம், இரண்டாவது முறை முழு மதிப்பெண். எல்லாம் சரி. ஆனால் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், நடுநிலைப் பள்ளியின் முதல் வருடத்தில், அவருக்குக் கணக்கு சரியாக வரவில்லை. ஆசிரியர் அவரிடம் பெரிய திறமை இருப்பதாக நினைக்கவில்லை, இவருக்கும் ஆர்வம் போய்விட்டது. அடுத்த வருடம் வேறு ஆசிரியர் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இதை அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். தன்னை மெதுவாக யோசிப்பவர் என்றும் சொல்லிக்கொண்டார். பெரிய பெரிய தாள்களைத் தரையில் விரித்து, ஒரே மாதிரியான படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருப்பார். அவருடைய சின்ன மகள் அதைப் பார்த்து, அம்மா ஓவியம் வரைகிறாள் என்பாளாம். என் அண்ணன் மகள் படித்திருக்க வேண்டிய பத்தி இதுதான். அது கட்டுரையில் இல்லை, ஒலிம்பியாட் தங்கம் மட்டும் இருந்தது.

அந்தத் தாளில் அவர் வரைந்தது என்ன? இரண்டு துளைகள் உள்ள, ஒரு குறிப்பிட்ட விதத்தில் வளைந்த பரப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் வளையங்களை வரைய வேண்டும். ஒவ்வொன்றும் இதற்கு மேல் குறுக்க முடியாது என்ற அளவுக்குக் குறுகியதாக இருக்க வேண்டும். வழியில் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குள் இப்படி எத்தனை வளையங்கள் இருக்கும்? வெட்டிக்கொண்டாலும் பரவாயில்லை என்றால் எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தில் பெருகும், அது முன்பே தெரிந்த விஷயம். வெட்டிக்கொள்ளாதவை அதைவிட ரொம்பக் குறைவு. அவற்றை எண்ணுவதுதான் கஷ்டமாக இருந்தது. மிர்சாகானி கண்ட விடை: துளைகளின் எண்ணிக்கையை ஆறால் பெருக்கி ஆறைக் கழியுங்கள், நீளத்தின் அந்த அடுக்குக்கு ஏற்ப அது வளரும். இரண்டு துளை என்றால் ஆறாம் அடுக்கு. போதுமான அளவு பெரிய நீளத்தை எடுத்து அதை இரண்டு மடங்காக்கினால், வளையங்கள் ஏறக்குறைய 64 மடங்காகும். இது 2004-ல் ஹார்வர்டில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்தது. பரப்பு ஒன்றை மட்டும் பார்க்காமல், அப்படி அமையக்கூடிய பரப்புகள் எல்லாவற்றையும் ஒரே வெளியாக வைத்து, அந்த வெளியின் கன அளவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து திரும்பி இந்த எண்ணிக்கைக்கு வந்தார். ஒரு பரப்பைப் பற்றிய கேள்விக்கு எல்லாப் பரப்புகளையும் சேர்த்துப் பார்த்து விடை கண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

பெரெல்மான் கட்டுரைதான் எனக்கு வருத்தம் தந்தது. அம்மாவோடு சின்ன வீட்டில் இருக்கிறார், முடி வெட்டுவதில்லை, பத்திரிகையாளர்களைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார். இவ்வளவுதானா அவர்? 1904-ல் பாயின்கரே கேட்ட கேள்வி அது. எல்லையும் விளிம்பும் இல்லாத, ஆனால் அளவில் முடிவுள்ள ஒரு முப்பரிமாண வெளி. அதில் எந்த வளையத்தைப் போட்டாலும், அறுக்காமல் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிட முடிகிறது. அப்படியானால் அந்த வெளி கோளத்தின் முப்பரிமாண வடிவம்தானா? ரிச்சர்ட் ஹாமில்டன் 1982-ல் ஒரு வழி காட்டினார். வெளியின் வளைவு தானாகவே சீராகப் பரவும்படி ஒரு சமன்பாட்டை ஓடவிட வேண்டும், கரடுமுரடெல்லாம் மெல்ல மறையும். ஆனால் ஓடும்போது சில இடங்கள் கழுத்து மாதிரி இறுகி அறுந்துவிடும். அந்த இடத்தில் ஹாமில்டனின் திட்டம் பல வருடம் நின்றுபோயிருந்தது. அறுகிற இடங்கள் எப்படி இருக்க முடியும், அங்கே வெட்டி ஒட்டித் தொடர்வது எப்படி என்பதை பெரெல்மான் 2002 நவம்பரிலும் 2003-லும் மூன்று கட்டுரைகளாக இணையத்தில் போட்டார், எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. அதைச் சரிபார்க்கவே தேர்ந்த கணிதவியலாளர்களின் குழுக்களுக்கு மூன்று வருடத்துக்கு மேல் பிடித்தது. 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம், 2010-ல் கிளே கணித நிறுவனத்தின் பத்து லட்சம் டாலர், இரண்டையும் மறுத்தார். பணத்தை மறுத்தபோது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, ஹாமில்டனின் பங்கு தன் பங்கைவிடக் குறைந்தது இல்லை என்பது. உங்கள் கட்டுரையில் ஹாமில்டன் என்ற பெயரே இல்லை. பரிசையே வேண்டாம் என்று விட்டு ஒரு மனிதர் இன்னொருவரின் பெயரைச் சொல்கிறார். அதை விட்டுவிட்டு அவருடைய முடியைப் பற்றி எழுதலாமா?

வயது விஷயத்துக்கு வருகிறேன். ஃபீல்ட்ஸ் பதக்கம் நாற்பதைத் தாண்டாதவர்களுக்குத்தான் என்பது ஒரு விதி, அவ்வளவுதான். 1936-ல் ஆஸ்லோவில் முதல் பதக்கம் கொடுத்தபோதே, செய்த வேலைக்கு மரியாதையாகவும் இனிச் செய்யப்போவதற்கு ஊக்கமாகவும் அது இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நாற்பதுக்குள் சாதித்தால்தான் கணிதம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் தொடரைப் படித்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். நூற்றாண்டுகளாக நிரூபணம் இல்லாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்காக ஏழு வருடம் ஏறக்குறைய ரகசியமாகவே உழைத்து, 1993-ல் ஆண்ட்ரூ வைல்ஸ் அறிவித்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. 1994 செப்டம்பரில், தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு அதை அடைத்தபோது அவருக்கு வயது 41. பதக்கம் கிடையாது. 1998-ல் பெர்லின் மாநாட்டில் தனியாக ஒரு வெள்ளித் தகடு கொடுத்தார்கள், ஏபெல் பரிசு 2016-ல்தான் வந்தது.

யீட்டாங் ஜாங்கைத் தொடரில் சேர்க்கவே இல்லை. ஃபீல்ட்ஸும் ஏபெலும் வாங்காததால் இருக்கலாம், ஆனால் அவரும் பரிசுகள் பெற்றவர்தான், கோல் பரிசு அதில் ஒன்று. 1955-ல் பிறந்தவர். சீனக் கலாசாரப் புரட்சிக் காலத்தில் வயலில் வேலை செய்ய அனுப்பப்பட்டதால் உயர்நிலைப் பள்ளிக்கே போகவில்லை. அமெரிக்காவில் 1991-ல் முனைவர் பட்டம் வாங்கியும் பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. ஓர் உணவகத்துக்குக் கணக்கு எழுதினார். 1999-ல்தான் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். 2013-ல், தன் 58-வது வயதில், அவர் நிரூபித்தது இது: ஏழு கோடிக்கும் குறைவான இடைவெளியில் அமைந்த பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். ஏழு கோடி பெரிய எண்ணாகத் தெரியலாம். அதற்கு முன் எந்த ஓர் எண்ணைச் சொல்லியும் அப்படி நிரூபிக்க யாராலும் முடிந்ததில்லை. கதவு திறந்ததும் உலகம் முழுக்க உள்ளே வந்தார்கள். ஜேம்ஸ் மேனார்டும் டெரன்ஸ் டாவோவும் தனித்தனியாகப் புது வழி கண்டார்கள், பலர் கூடி உழைத்தார்கள், அடுத்த வருடத்துக்குள் ஏழு கோடி 246 ஆகிவிட்டது. (3, 5), (11, 13) போல இடைவெளி 2 உள்ள ஜோடிகள் முடிவில்லாமல் வருமா என்பது இன்னும் திறந்த கேள்விதான். மேனார்டுக்கு 2022-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. உங்கள் தொடரில் மேனார்டு இருந்தார், ஜாங் இல்லை. ஒருவரைச் சொல்லாமல் மற்றவரைச் சொன்னால் கதை பாதிதான்.

இளம் வயதிலேயே முன்னேறியவர்களின் கதையும் நேர்க்கோடு இல்லை. அக்‌ஷய் வெங்கடேஷ் 13 வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 2018-ல் ஃபீல்ட்ஸ் வாங்கினார் என்று எழுதினீர்கள். முனைவர் பட்டத்துக்கான வருடங்களில், தன்னால் இது முடியுமா, கணிதத்தையே விட்டுவிடலாமா என்று அவர் தவித்ததும் நடந்ததுதான். அதையும் எழுதுங்கள், அதனால் அவர் குறைந்துபோய்விட மாட்டார்.

பெண்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 1936 முதல் 2022 வரை ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவிக்கப்பட்ட 64 பேரில் பெண்கள் இருவர். இரண்டாமவர் உக்ரைனின் மரீனா வியாசோவ்ஸ்கா. எட்டுப் பரிமாணத்தில் ஒரே அளவுக் கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது எப்படி என்று 2016-ல் நிரூபித்தவர். அந்த அடுக்கில் ஒவ்வொரு கோளத்தையும் 240 கோளங்கள் தொட்டுக்கொண்டிருக்கும். முப்பரிமாணத்தில் இதே கேள்வி கெப்ளரின் காலத்திலிருந்து நின்று, கடைசியில் கம்ப்யூட்டர் உதவியோடுதான் தீர்ந்தது. இவருடைய நிரூபணம் இருபத்து சொச்சம் பக்கம்தான். உங்கள் கட்டுரை அவருடைய வீடு, குழந்தைகள், போர் என்று போனது. கூடவே வந்த மூன்று ஆண்களின் கட்டுரைகளில் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2019-ல் ஏபெல் பரிசு பெற்ற கேரன் ஊலன்பெக் 1990-ல் கியோட்டோ மாநாட்டில், எல்லோரும் கூடிக் கேட்கும் முழு அமர்வு உரை நிகழ்த்தினார். அந்த மேடையில் அதற்கு முன் பேசிய ஒரே பெண் எம்மி நோதர், 1932-ல். நடுவில் 58 வருடம். இந்த எண்ணை எழுதினாலே வாசகர்களுக்குப் புரியும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை ஃபீல்ட்ஸோ ஏபெலோ அறிவிக்கப்படும்போது, பரிசுத் தொகைக்கு ஒரு வரி போதும். மிச்ச இடத்தில் அவர் தீர்த்த கேள்வியை எழுதுங்கள், முடிந்தால் வாசகரே போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன உதாரணத்தோடு. எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட முடியாதுதான், சில வேலைகளுக்குக் கேள்வியைச் சொல்வதே சிரமம். அப்போது அந்தக் கேள்வி எங்கிருந்து கிளம்பியது என்பதையாவது சொல்லுங்கள். யாரோடு சேர்ந்து செய்தார், யார் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், எத்தனை வருடம் ஆனது என்பது கட்டாயம் வேண்டும். கணிதம் எழுத ஆள் இல்லை என்றால் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களைக் கேளுங்கள், சந்தோஷமாக எழுதித் தருவார்கள். படங்களைச் சரிபார்க்கவும் எண்களைப் போட்டுப் பார்க்கவும் என்னைப் போன்ற வாசகர்களும் தயாராக இருக்கிறோம்.

கடைசியாக ஒரு திருத்தம். ஏபெல் பரிசு பற்றிய முன்னுரையில், நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல் வாழ்ந்த காலத்திலேயே பாரிஸ் அகாதெமியின் பெரும் பரிசைப் பெற்றதாக வந்திருந்தது. அவர் 1826-ல் அகாதெமியிடம் கொடுத்த கட்டுரை கணிதவியலாளர் கோஷியின் கையில் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1829 ஏப்ரல் 6-ம் தேதி, 26 வயதில், காசநோயால் ஏபெல் இறந்தார். அகாதெமியின் பரிசு ஜெர்மன் கணிதவியலாளர் யாக்கோபிக்கும் ஏபெலுக்கும் சேர்த்து 1830-ல்தான் அறிவிக்கப்பட்டது. திருத்தத்தை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
காப்பீட்டு அலுவலக ஊழியர்